செபுவில் ஒரு சிறிய சிலை, ஒரு பெரிய சிலை

வணக்கம் மக்களே! பிலிப்பைன்ஸில் செபு நகரத்துக்கு வந்திருக்கிறேன். பின்னால் வரிசை தெரிகிறதா? எல்லோரும் சாந்தோ நீன்யோவைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். குழந்தை இயேசுவின் மரச்சிலை அது. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான்.

1521 ஏப்ரலில், ஸ்பெயின் மன்னருக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லன், ராஜா ஹுமாபோனின் மனைவி ஞானஸ்நானம் பெற்றபோது கொடுத்த சிலை இது. ஆமாம், இங்கேயும் பட்டம் ராஜாதான். அப்புறம் 44 வருடம் சிலை ஊர்க்காரர்களிடமே இருந்தது. 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை பீரங்கியால் சுட, ஊர் எரிந்தது. எரிந்த வீடுகளுக்கு நடுவே, ஒரு பெட்டிக்குள் சேதமில்லாமல் இருந்த சிலையைப் படையோடு வந்த ஒருவர் கண்டெடுத்தார். கிடைத்த இடத்திலேயே இந்தப் பசிலிக்கா தேவாலயத்தைக் கட்டியதாகச் சொல்கிறார்கள். 2013 நிலநடுக்கத்தில் மணிக்கூண்டு இடிந்து, மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அம்மாக்களைப் பாருங்கள். யாருக்காக வேண்டுதல் என்று சொன்னால், மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்து, இரண்டடி முன்னே ஓரடி பின்னே வைத்து சினுலோக் ஆடி வேண்டிக்கொள்கிறார்கள். நான் என் அம்மா பெயரைச் சொன்னேன். மொழி தெரியாத ஒருவர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

பக்கத்திலேயே மகெல்லனின் சிலுவை. பக்தர்கள் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போனதால், மூலச் சிலுவையை திண்டாலோ மரத்துக்குள் பொதிந்து வைத்திருப்பதாக அங்குள்ள பலகை சொல்கிறது. துறைமுகப் பக்கம் சான் பெட்ரோ கோட்டை, முக்கோண வடிவம். மதில் மேல் ஏறினால் நல்ல காற்று.

சரி, இப்போது பாலம் தாண்டி மக்தான் தீவுக்கு வந்துவிட்டேன். அண்ணாந்து பாருங்கள், அந்தக் காலத்தில் இந்தத் தீவின் தலைவர்களில் ஒருவரான லாபுலாபு! 20 மீட்டர் வெண்கலச் சிலை. 1521 ஏப்ரல் 27 அன்று இவருடைய ஆட்களோடு நடந்த சண்டையில்தான் மகெல்லன் இறந்தார். கரையோரம் ஆழமில்லாததால் படகுகள் நெருங்க முடியவில்லை. ஸ்பானியர்கள் இறங்கித் தண்ணீரில் நடந்துதான் வந்தார்கள். இதே பூங்காவில் மகெல்லனுக்கும் 1866இல் வைத்த நினைவுத்தூண் இருக்கிறது. யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

அதோ, ஒரு தாத்தா பேரனை லாபுலாபுவின் காலடியில் நிறுத்திப் படம் எடுக்கிறார். பையன் கழுத்தில் சாந்தோ நீன்யோ பதக்கம். இருங்கள், கடல் உள்வாங்கியிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, அன்று ஸ்பானியர்கள் நடந்த தண்ணீரில் கொஞ்ச தூரம் நடந்து காட்டுகிறேன்.