ஒரு பன்றியைச் சுட்டால் கடலைக்காடு தப்புமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கடலைக்காட்டில் காட்டுப்பன்றி இறங்கிய மறுநாள் காலை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். விதைத்த காடாக இருந்தால், உழுத சால் வழியே மூக்கை ஓட்டிக்கொண்டு போய் விதைகளைப் பொறுக்கித் தின்றிருக்கும். காய் பிடித்த பயிரானால் செடியைக் கிளறிப் புரட்டிப் போட்டிருக்கும். மக்காச்சோளத்தில் தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடித்திருக்கும். தின்றதைவிட மிதித்து வீணாக்கியதே அதிகம்.

கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தில் மின்கம்பியில் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் இழுக்கிறார்களே, அங்கேதான் வினை தொடங்குகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இப்படிப்பட்ட வேலிகளில் மாண்டிருக்கிறார்கள். இரைக்குள் மறைத்து வைக்கும், அவுட்டுக்காய் எனப்படும் வெடிக்காய் இன்னும் கொடியது. அதைக் கடித்த விலங்கு உடனே சாகாது. வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும். இவ்விரண்டையும் வேட்டை என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

சரி, துப்பாக்கியால் சுடலாமா? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டுமே. கேரளத்தில் வழி வேறு. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் சுடுகிறார்கள்.

யார் சுட்டாலும் சில விதிகள் மாறுவதில்லை. இருட்டில் கண் மினுங்குவதையும் புதர் அசைவதையும் நம்பி விசையை இழுக்கக் கூடாது. முழு உருவமும் தெரிய வேண்டும். பன்றி என்று எண்ணி மனிதரையே சுட்டுவிட்ட சோகங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. குறி தவறினால் குண்டு மண்ணில் புதையுமா, ஊர்ப்பக்கம் போகுமா என்று முன்பே பார்த்து நிற்க வேண்டும். அடிபட்ட பன்றியின் பின்னால் புதருக்குள் நுழைவது தற்கொலைக்குச் சமம். தந்தத்தை மேல்நோக்கி வீசி, தொடையைக் கிழித்துவிடும்.

இத்தனை கவனத்துடன் ஒன்றைச் சுட்டாலும் பிரச்சினை தீராது. பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாகவே திரியும். ஒன்று விழுந்தால் மற்றவை சிதறி ஓடி, துப்பாக்கி இல்லாத பக்கத்துத் தோட்டத்தில் இறங்கும். சினைக்காலம் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் சாதாரணம். இந்த உண்மையைப் பட்டுத் தெரிந்துகொண்டதால்தான், அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2016-இல் தன் வனவளத் துறை நிலங்களில் காட்டுப்பன்றி வேட்டைக்குத் தடை விதித்தது. தனித்தனியாகச் சுட வருகிறவர்கள், பொறி வைத்துக் கூட்டத்தை மொத்தமாகப் பிடிக்கும் வேலையைக் கெடுக்கிறார்கள் என்பதே காரணம்.

கூண்டு வைப்பதிலும் அவசரம் ஆகாது. கதவைத் திறந்தே வைத்து, சில இரவுகள் இரை போட்டுப் பழக்க வேண்டும். துணிந்த குட்டி முதலில் நுழையும். சந்தேகப்பிராணியான தாய் வெளியே நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவும் நுழைந்து நிம்மதியாகத் தின்னத் தொடங்கிய பிறகே கதவை விழவைக்க வேண்டும். பாதிக் கூட்டத்தைப் பிடித்தால், தப்பிய பாதி மறுபடி கூண்டின் பக்கம் வராது. இதை வனத்துறை மூலமாகத்தான் செய்ய முடியும். நம் ஊர்களில் கூண்டு வந்து சேரவே காலம் ஆகிறது என்ற குறை எனக்கும் உண்டு.

அதுவரை வேலிதான் துணை. வரப்பில் கட்டும் பழைய சேலையும் விளக்கும் சில நாள்கள் பலிக்கும்; பிறகு பன்றிக்குப் பழகிவிடும். சூரிய மின்வேலி உயிரைப் பறிக்காது, விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் தரும். ஆனால் அதற்கும் 2023-இல் வந்த தமிழ்நாட்டு விதிகள் உண்டு. வேலி போடுமுன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பியில் புல் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் வலு குறையும் என்பதால் அடியில் வாரந்தோறும் செதுக்கிவிடுங்கள்.

சேதமாகிவிட்டதா? நிலத்தை மறுபடி உழுவதற்கு முன் குளம்புத்தடம் தெரியப் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். வணக்கம்.