ஆருடைய நேரம்?

வணக்கம் நேயர்களே. "வெளிநாட்டில் கணினி அலுவலகம் நடத்துவதைப் பற்றிக் கதையுங்கோ" என்று சொல்லி என்னை இந்த வானொலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் நடத்துகிற அலுவலகம் கிளிநொச்சியில், ஏ9 வீதியில், ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் சொன்னது பிழையில்லை. எங்களுக்குச் சம்பளம் தருகிற நிறுவனம் லண்டனில். அவர்களுடைய கடதாசிகளில் நாங்கள்தான் "வெளிநாட்டு அலுவலகம்". பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவன் நான். முதல் தரம் அதை வாசித்தபோது சிரிப்புத்தான் வந்தது. இந்த வேலையில் எங்களை ஆட்டிப் படைத்தது நேரம்தான்; இண்டைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் செய்வது காசுக்கணக்கு மென்பொருள். கடன் கொடுக்கிற நிறுவனத்துக்கு, ஆர் எவ்வளவு எடுத்தார், தவணை எப்ப, கட்டினாரா, வட்டி எவ்வளவு என்று பார்க்கிற வேலை. உங்கள் ஊர்ச் சங்கத்து முகாமையாளர் பேரேட்டில் எழுதுகிற அதே கணக்குத்தான். ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் செலவு எழுத வேண்டும் என்கிற இரட்டைப்பதிவு முறையை, பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494 இல் வெனிசில் புத்தகமாகப் போட்டுவிட்டார். இன்றைக்கும் கணினிக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

சதக் கணக்கை ஓடி முடித்துவிடுகிறேன். பத்துச் சதத்தையும் இருபது சதத்தையும் ரூபாயில், தசமத்தில் எழுதிக் கணினியிடம் கூட்டச் சொன்னால், சில வேளை தசம் மூன்றுக்குப் பிறகு வரிசையாகப் பூச்சியம் போட்டு, கடைசியில் ஒரு நாலையும் ஒட்டி விடும். பத்து ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் எங்களுக்கு மிச்சம் இழுபடுவது போல, அதற்குப் பத்துச் சதமே இழுபடும். அதனால் எல்லாவற்றையும் முழுச் சதமாகவே வைத்திருப்போம். கனடாவின் வன்கூவர் பங்குச்சந்தையில் 1982 இல் 1000 புள்ளியில் தொடங்கிய, பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற சுட்டெண்ணைக் கணக்குப் பார்க்கிறபோது, கடைசித் தசமங்களை ஒவ்வொரு தரமும் வெட்டி எறிந்துகொண்டே இருந்தார்கள். 1983 நவம்பரில் அது 520 சொச்சத்தில் நின்றது. திருத்திப் பார்த்தால் 1098. வெட்டினது துளி, ஆனால் நாளுக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டினார்கள். சரி, அது போகட்டும்.

நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி. காசுக் கணக்கில் கூட்டல் கழித்தல் பெரிய சிக்கல் இல்லை. "இண்டைக்கு என்ன திகதி?" என்பதுதான் சிக்கல்.

வயது வந்த நேயர்களுக்குப் பழைய நேரம், புது நேரம் ஞாபகம் இருக்கும். 1996 இல் மின்சாரத் தட்டுப்பாடு என்று கொழும்பில் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். வன்னிக்குள் நாங்கள் தொடவே இல்லை. மின்சாரமே இல்லாத இடத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணிக்கூட்டைத் திருகுவதா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஆகவே எல்லைச் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தைக்கு அங்கால், அரசாங்கப் பக்கம், பத்து மணி என்றால் இங்கால் ஒன்பதரை.

2002 இல், போரால் பூட்டிக் கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு, அப்போது லண்டனில் இருந்த நான் அப்பாவுக்குக் காசு அனுப்பினேன். வவுனியாவில் ஒரு வங்கியில் போய் எடுக்க வேண்டும். மூன்று மணிக்கு வங்கி பூட்டும். அப்பா பஸ் ஏறி, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கை மணிக்கூட்டில் இரண்டு நாற்பது. வங்கிச் சுவர் மணிக்கூட்டில் மூன்று பத்து. கதவு பூட்டு. சரி, நாளைக்கு வரலாம் என்று பெரியம்மா வீட்டில் தங்கினார். விடிந்தால் போயா, பூரணை நாள். வங்கி லீவு. ஒரு காசை எடுக்க இரண்டு இரவு. தொலைபேசியில் என்னைத்தான் ஏசினார். "ஏன் அப்பா மணிக்கூட்டைத் திருப்பேல்லை?" என்று கேட்டேன். "ஒருநாள் வவுனியா போறதுக்கு ஏன்ரா நான் மணிக்கூட்டைத் திருகுவான்?" என்றார். சாகும்வரை திருகவில்லை. திருகத் தேவையும் வரவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. அந்த இரவு பன்னிரண்டரைக்கு மணிக்கூட்டைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார்கள். அங்கே அந்த அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது. கணினிகள் பார்க்கிற உலக நேர அட்டவணையில் கொழும்பு என்ற ஒரே பெயரில் இந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. வன்னிக்கு என்று ஒரு வரி இல்லை.

இவ்வளவு பட்டவனுடைய மகன் என்ன செய்தான் தெரியுமா? அதே பிழையை விட்டான். எங்கள் அலுவலகம் எழுதிய முதல் பெரிய நிரல், கட்டின திகதியைக் கிளிநொச்சிக் கணினியின் மணிக்கூட்டில் பார்த்து எடுத்தது. பகல் ஒன்பதிலிருந்து ஐந்து வரை நாங்கள் சோதித்தோம். எங்களுக்குப் பகல் ஐந்து என்றால் லண்டனில் மத்தியானம் அளவில்தான். இரண்டு இடமும் ஒரே திகதி. ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் குளிர்காலத்தில் லண்டனில் பின்னேரம் ஆறரை ஆனால் எங்களுக்கு நடுச்சாமம். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், ஏழு பத்துக்குத் தவணை கட்டினவருக்கு எங்கள் நிரல் அடுத்த நாள் திகதி போட்டு, பிந்தியதற்கு 12 பவுண் தண்டம் அடித்தது. தங்கப் பவுண் இல்லை, பயப்படாதேங்கோ. ஆனாலும் ஒழுங்காகக் கட்டின மனிசனுக்குத் தண்டம் தண்டம்தான்.

கண்டுபிடித்தது தர்மபுரத்துப் பிள்ளை ஒன்று, வந்து மூன்று மாதம் ஆகவில்லை. தண்டப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணை, இந்த ஆக்கள் எல்லாரும் ஏன் பின்னேரத்திலதான் பிந்தினம்? இது ஆற்றை நேரம்?" என்று கேட்டது. எனக்கு அப்பாவுடைய இரண்டு நாற்பது கண்ணுக்குள் வந்து நின்றது. தண்டத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கடிதமும் அனுப்பினோம். இப்போது எல்லா நேரத்தையும், ஊருக்கு ஊர் மாறாத உலகப் பொது நேரத்தில் பதிந்து, கட்டினவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர்த் திகதியைத்தான் தவணைக்குப் பார்க்கிறோம்.

அலுவலகம் நடத்துவதும் இதே கதைதான். லண்டன்காரருக்குக் காலை ஒன்பது, எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை, கோடையில் ஒன்றரை. "நாளைக் காலை பேசுவோம்" என்பார்கள். எந்தக் காலை? பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டமுதல் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்குப் பிறகு கூட்டம் இல்லை என்று நான் சண்டை பிடித்து வாங்கினேன். போயாவுக்கு ஏன் லீவு என்று கேட்டவர்களுக்குச் சந்திரனைக் காட்டினேன். இப்போது அவர்களே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்கு அங்கால் தம்பி கை காட்டுகிறார். பிள்ளைகள் இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், நேரம் போய்விட்டது. ஒன்று மட்டும்: உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தவர்கள் எங்களுக்கு இல்லை என்று ஒதுங்காதேங்கோ. நிரல் எழுதத் தெரிந்தவர் கிடைக்கிறார். ஐந்தொகை சமப்படாதபோது எங்கே தேடுவது என்று தெரிந்தவர்தான் கிடைக்கிறார் இல்லை. மிச்சத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.