டிக்கெட்டில எழுதின ரெண்டு திகதி

வணக்கம் எல்லாருக்கும். காத்துச் சத்தம் கேக்குதெண்டா பொறுத்துக்கொள்ளுங்கோ, திருகோணமலை டச் பேயில நிண்டு கதைக்கிறன். மைக்கில ஒரு சொக்ஸைத்தான் சுத்தி வச்சிருக்கிறன். சிரிக்காதேங்கோ, வேலை செய்யுது.

பின்னால தெரியிறது சுவாமிமலை, மேல கோணேசர் கோயில். இந்தப் பக்கம் ஒரு மான் வந்து என்ர பையையே பாத்துக்கொண்டு நிக்குது. அடிக்கிறதும் கச்சான் காத்து, பைக்குள்ள இருக்கிறதும் கச்சான், வேர்க்கடலை. அதுக்கு விளங்கீற்றுது.

சரி, விசயத்துக்கு வாறன். முந்தநாள் சொஃப்ட்வெயர் செய்யிற ஒரு தம்பி போன் எடுத்தவர். "அண்ணா, எங்கட டீம் ஸ்லோ எண்டு மனேஜர் சொல்லுறார். உண்மையா ஸ்லோவா எண்டு எப்பிடி அளக்கிறது?" எண்டு கேட்டார். எனக்கு உடன பதில் சொல்ல வெக்கமாப் போச்சு. ஏனெண்டா அளக்கிறன் எண்டு வெளிக்கிட்டு நானே நல்லா மாட்டுப்பட்டனான்.

நாங்கள் ஆறு பேர். மூண்டு பேர் இஞ்ச, ரெண்டு பேர் கொழும்பு, ஒராள் மட்டக்களப்பு. கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு புக்கிங் சொஃப்ட்வெயர் செய்யிறம். உப்புவெளி, நிலாவெளிக்காரர்தான் கூட. மே மாசம் சீசன் துவங்கினா அவைக்கு எல்லாம் நேற்றே வேணும்.

அப்ப நான் என்ன செய்தனான்? ஆர் எத்தினை பொயின்ட் முடிச்சது எண்டு ஆளாளுக்கு ஒரு ஷீட் போட்டன். பொயின்ட் எண்டா, ஒரு வேலை எவ்வளவு பெரிசு எண்டு நாங்களே போடுற மதிப்பு. ரெண்டே கிழமை. 3 பொயின்ட் வேலையெல்லாம் 5 ஆகீற்றுது. கிராஃப் மேல போகுது, வாடிக்கையாளர் அதே சத்தம்தான் போடுறார். ஒருத்தரும் பொய் சொல்லேல்ல. எல்லாரும் கொஞ்சம் "கவனமா" மதிப்புப் போட்டவை, அவ்வளவுதான்.

இதை சார்ள்ஸ் குட்ஹார்ட் எண்ட பிரித்தானியப் பொருளியலாளர் 1975லயே காசுக் கொள்கையை வச்சுச் சொல்லிப்போட்டார். ஒரு கணக்கைப் பிடிச்சு ஆக்களைக் கட்டுப்படுத்த வெளிக்கிட்டா, அந்தக் கணக்கு முந்திக் காட்டினதைக் காட்டாது. எங்கட துறையில இதுக்கு வடிவான கதை 1982ல இருக்கு. அப்பிள் கொம்பனியில லீசா கொம்பியூட்டர் செய்யேக்க, கிழமைக்கு எத்தினை வரி கோட் எழுதினீங்கள் எண்டு ஒரு படிவம் நிரப்ப வேணும். பில் அட்கின்சன் அந்தக் கிழமை படம் வரையிற பகுதியைத் திருத்தி எழுதினவர். ஆறு மடங்கு கெதி, கோட் 2000 வரி குறைவு. படிவத்தில -2000 எண்டு எழுதிக் குடுத்திட்டார். கொஞ்ச நாளில அவரிட்ட படிவம் கேக்கிறதை விட்டிட்டினம். அதே 1982லதான் டொம் டிமார்கோ, அளக்க ஏலாததைக் கட்டுப்படுத்த ஏலாது எண்டு எழுதினது. பிறகு 2009ல அந்தக் கருத்தில தனக்கே சந்தேகம் எண்டு அவரே எழுதினார். இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு அப்பிடி எழுத ஒரு மனசு வேணும்.

அப்ப அளக்கிறதே பிழையோ? இல்லை. நான் அளந்த இடம்தான் பிழை.

எப்பிடியெண்டு கேளுங்கோ. இஞ்ச கிட்ட இருக்கிற கிண்ணியாப் பாலம் வந்தது 2009ல. 396 மீற்றர். அதுக்கு முதல் பாதைதான். வெளியூர்ப் பிள்ளையளுக்கு: நாங்கள் பாதை எண்டு சொல்லுறது றோட்டை இல்லை, வாகனம் ஏத்துற மிதவையை. சின்னனில அப்பாவோட போகேக்க, தண்ணியில போற நேரம் கொஞ்சம்தான். கரையில நிக்கிறதுதான் கனக்க. முன்னால லொறி, அதுக்கு முன்னால வான், பாதை அந்தக் கரையில. இப்ப ஒராள் வந்து, "பாதை ஓட்டுறவர் எவ்வளவு கெதியா ஓட்டுறார் எண்டு அளப்பம், அவருக்கு டார்கெட் குடுப்பம்" எண்டா எப்பிடி இருக்கும்? நான் ஷீட்டில செய்தது அதேதான்.

ஷீட்டை அழிச்சுப்போட்டு, ஒவ்வொரு டிக்கெட்டிலயும், அதாவது ஒரு வேலைக்கு ஒண்டு எண்டு போடுற குறிப்பில, ரெண்டு திகதி மட்டும் எழுதினன். கையில எடுத்த நாள், வாடிக்கையாளரின்ர கைக்குப் போன நாள். ஆற்ற பேரும் இல்லை.

ஒரு டிக்கெட்டைச் சொல்லுறன். புக்கிங்கை ரத்துச் செய்தா அந்த அறை திரும்பக் காலியாக் காட்ட வேணும். சின்ன வேலை. எங்கட டீமில புதுசா வந்த தங்கச்சி திங்கட்கிழமை காலமை எடுத்தவ. செவ்வாய் பின்னேரம் கோட் முடிஞ்சுது. பிறகு ரிவியூக்கு, அதாவது வேற ஒராள் கோட்டை வாசிச்சுப் பாக்கிறதுக்குப் போய், வெள்ளி பின்னேரம் வரைக்கும் கிடந்தது. ரிவியூ செய்ய எடுத்தது 25 நிமிசம். ரெண்டு கொமென்ட். சனி, ஞாயிறு. திங்கள் அரை மணித்தியாலத்தில திருத்தீற்றா. டெஸ்ட் சேர்வரில வேற ஒராள் வேலை ஏத்தி வச்சிருந்தவர், அதால புதன் வரைக்கும் காவல். டெஸ்ட் பண்ண ரெண்டு மணித்தியாலம். டிப்ளோய் பண்ணுறது, அதாவது வாடிக்கையாளர் பாவிக்கிற இடத்துக்கு ஏத்துறது, வியாழன் காலமை மட்டும்தான், அது எங்கட சட்டம். ஆக, 11ஆம் நாள் போய்ச் சேந்தது. ஆளின்ர கை பட்ட நேரம் ரெண்டரை நாள்கூட வராது. இதுவும் கெதியா முடிஞ்ச டிக்கெட்டுகளில ஒண்டு எண்டதையும் சொல்ல வேணும்.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஜோன் லிட்டில் 1961ல நிரூபிச்சது. சமன்பாட்டைக் கண்டு பயப்பிடாதேங்கோ, பிரித்தல் தெரிஞ்சாக் காணும். வரிசையில நிக்கிறது எத்தினை, அதை ஒரு கிழமையில முடியிற எண்ணிக்கையால பிரிச்சா, சராசரியா ஒண்டு எத்தினை கிழமை நிக்குது எண்டு வரும். எங்கட போர்டில துவங்கின வேலை 24 கிடந்தது. கிழமைக்கு 6 முடியுது. 4 கிழமை. ஒருத்தரையும் விரட்டாம, கிழமைக்கு 6ஏ முடிச்சுக்கொண்டு, துவங்கினதை 12ஆக் குறைச்சா 2 கிழமை. வேலை சீரா ஓடிக்கொண்டிருக்கேக்க மட்டும் சரிவாற கணக்கு இது, அதையும் ஞாபகம் வச்சிருங்கோ.

12க்கு மேல எடுக்கக்கூடாது எண்டு சட்டம் போட்ட உடன பெரிய சத்தம். "அண்ணா, நான் சும்மா இருக்கிறதோ?" சும்மா இருக்கிறதெண்டா, துவங்கினதை முடிக்க மற்றவைக்குக் கைகுடுங்கோ எண்டன். முதல் கிழமை ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல.

எங்கட வியாழக்கிழமைச் சட்டத்தையும் தூக்கினம். அதுக்கு எனக்குத் துணிவு தந்தது நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூண்டு பேரும் சொஃப்ட்வெயர் டீமுகளை ஆராய்ஞ்சு 2018ல எழுதின புத்தகம். அவை பாத்தது நாலு விசயம். எத்தினை தரம் டிப்ளோய் பண்ணுறீங்கள், கொமிட் பண்ணினது, அதாவது எழுதிச் சேத்து வச்ச கோட், புரொடக்சனுக்கு, அதாவது வாடிக்கையாளர் பாவிக்கிற இடத்துக்குப் போக எவ்வளவு நேரம், போனதில எவ்வளவு பிழையாப் போகுது, பிழையாப் போனா எழும்ப எவ்வளவு நேரம். கெதியாப் போற டீமுக்குத்தான் பிழையும் குறைவு எண்டு அவையின்ர ஆய்வில வந்தது. நான் நம்பேல்ல. எங்கட வீட்டில ஆறுதலாப் போனாத்தான் விழமாட்டாய் எண்டு சொல்லி வளத்தவை.

ஒரு வெள்ளிக்கிழமை, சீசன் நேரம், எங்கட டிப்ளோயால ஒரே அறை ரெண்டு பேருக்குப் போச்சு. நிலாவெளியில ஒரு அக்கா போன் எடுத்து ஏசின ஏச்சு இப்பவும் காதுக்குள்ள நிக்குது. ஆனா அண்டைக்கு ஏத்தினது ஒரேயொரு சின்ன மாற்றம். எது பிழை எண்டு தேட வேண்டியே இருக்கேல்ல. 20 நிமிசத்தில பின்னுக்கு எடுத்தாச்சு. முந்தின மாதிரி ஒரு கிழமை வேலையைச் சேத்து ஏத்தியிருந்தா அண்டிரவு ஒருத்தரும் படுத்திருக்க மாட்டினம்.

ஏய்... ஏய்! பையை விடு! மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மான்.

இன்னொண்டு, இது மனேஜர்மாருக்கு. ஒரு கிழமை 6 முடியும், மற்றக் கிழமை 7, பிறகு 4, பிறகு 8. 4 வந்த கிழமை கூட்டம் வச்சு ஏன் எண்டு கேப்பினம். 8 வந்தா, தாங்கள் கூட்டம் வச்சதாலதான் எண்டு நினைப்பினம். டெலிபோன் சாமான் செய்த தொழிற்சாலைக்காக வோல்டர் ஷூஹார்ட் 1924ல கட்டுப்பாட்டு வரைபடம் எண்டு ஒண்டு கீறினவர். ஒரு வேலை தன்ர இயல்பில எவ்வளவு ஏறி இறங்கும் எண்டு மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. அந்தக் கோடுகளுக்குள்ள ஆடுறதுக்குத் தனித்தனியாக் காரணம் தேடாதேங்கோ. வெளிய போனா மட்டும் போய் என்ன நடந்தது எண்டு பாருங்கோ. எங்கட 4 உள்ளுக்குள்ளதான் நிண்டது.

இவ்வளவும் சொன்னனான், வெக்கக்கேடானதை மட்டும் சொல்லேல்ல. ரெண்டு திகதி எழுதி ஒரு மாசம் போக, நடுவில எங்க கிடக்குது எண்டும் குறிக்கத் துவங்கினம். பாதிக்கு மேல ரிவியூவில. ரிவியூ செய்யிறது ஆர்? நான் மட்டும்தான். தரம் குறையக்கூடாது எண்டு நான்தான் அந்தச் சட்டம் போட்டனான். புதுசா வந்த பிள்ளையள்தான் ஸ்லோ எண்டு ஆளாளுக்கு ஷீட் போட்டதும் நான்தான். செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் அந்தத் தங்கச்சி என்னையப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா, ஒரு நாளும் சொல்லேல்ல.

இப்ப நாலு பேர் ரிவியூ செய்யினம். அவவும் ஒராள். போன கிழமை என்ர கோட்டுக்கு ஏழு கொமென்ட் போட்டவ, அதில ஆறு சரி. ஏழாவதுக்கு இன்னும் வாக்குவாதம் நடக்குது.

இருட்டுப்படுது, பற்றரியும் சிவப்புக் காட்டுது. காலமை 8 மணிக்கு அவ ரிவியூக்குப் போட்ட வேலை ஒண்டு எனக்குக் கிடக்குது, இப்ப 6.30. வீடியோவை நிப்பாட்டீற்று இதிலயே இருந்து அதைப் பாக்கப் போறன். கச்சான் மானுக்குத்தான்.