எழுத்தா, நடிப்பா? பழைய பிரிட்டிஷ் நகைச்சுவை: எழுத்து அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணித் தோழர் வந்தார், மிஸ்டர் பீன் மாதிரி முகத்தைக் கோணினார், கைதட்டலை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். 'முகம் போதும், எழுத்து எதற்கு?' என்பதுதான் அவர் வாதம். நல்ல முகம் சிரிக்க வைக்கும், யார் இல்லை என்றது? ஆனால் இன்றைக்குக் கேள்வி அதுவல்ல. ஐம்பது வருஷம் கழித்தும் அந்தப் பழைய தொடர்களுக்குச் சிரிப்பு வருகிறதே, அது எதனால்?

'ஃபால்டி டவர்ஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். பிபிசியில் 1975இல் 6, 1979இல் 6, மொத்தமே 12 பகுதிகள். எழுதியவர்கள் ஜான் கிளீசும் கானி பூத்தும். டார்க்கி என்ற கடலோர ஊரில் ஒரு ஹோட்டல், அதற்கு பாசில் என்று ஒரு சிடுமூஞ்சி முதலாளி, அவராக நடித்தவரும் கிளீஸ்தான். வழியில் நின்றுபோன காரை அவர் மரக்கிளையால் அடிக்கும் துண்டு வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் பார்த்தால் ஒரு நெட்டையன் காரை அடிக்கிறான், அவ்வளவுதான்.

முழுப் பகுதியையும் பாருங்கள். தொடக்கத்திலேயே பாசில் அந்தக் காரைத் தானே சரிசெய்கிறேன் என்று மல்லுக்கட்டுவார். மெக்கானிக்கிடம் விடச் சொல்வார் மனைவி சிபில். கேட்டால்தானே? கஞ்சத்தனம். அப்புறம் காரை நாமும் மறந்துபோகிறோம். விருந்து இரவு வருகிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று, சமையல்காரரோ குடித்துவிட்டுக் கிடக்கிறார். வேறொரு உணவகத்திலிருந்து வாத்து வரவழைத்தால்தான் உண்டு. ஆகவே மெனுவில் மூன்று ஐட்டம், மூன்றும் வாத்து: ஆரஞ்சு போட்டது, செர்ரி போட்டது, அப்புறம் 'சர்ப்ரைஸ்'. என்ன சர்ப்ரைஸ் என்றால், ஆரஞ்சும் கிடையாது, செர்ரியும் கிடையாது! முதல் வாத்து கீழே விழுந்து மிதிபட்டுப் போகிறது. இரண்டாவதை வாங்கிக்கொண்டு ஓடிவரும்போது கார் நிற்கிறது. ரிப்பேரில் மிச்சம் பிடித்த காசு அந்த இடத்தில் வட்டியோடு வசூலாகிறது. கிளீஸ் கை ஓங்குவதற்கு முன்பே நமக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அதோடு விட்டார்களா? வாங்கி வந்த தட்டின் மூடியைத் திறந்தால், வாத்துக்குப் பதில் உள்ளே ட்ரைஃபிள் இனிப்பு. வாத்து எங்காவது ஒளிந்திருக்குமோ என்று கையை விட்டுத் துழாவுகிறார் பாசில்!

அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொடர்களைத் துண்டு வீடியோவில் தொடங்காதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிஷத்தை ஓட்டிவிடாதீர்கள், விதை அங்கேதான் இருக்கும். சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள், அரங்கில் இருந்தவர்களின் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடும்.

பீன் அதிகம் பேசமாட்டார், சரி. எழுத்து என்றால் வசனம் மட்டும்தானா? 1992 கிறிஸ்துமஸ் பகுதியில் வான்கோழிக்குள் மசாலாவைத் திணிக்கிறார், கைக்கடிகாரம் உள்ளே போய்விடுகிறது, எட்டிப் பார்க்கிறார், தலை மாட்டிக்கொள்கிறது, காதலி வந்து வாசலில் நிற்கிறாள். இந்த வரிசையில் ஒன்றை உருவிவிட்டால் எந்த முகம் வந்து காப்பாற்றும்?

பீனாக நடித்த எதிரணியின் நாயகன், அதே ரோவன் அட்கின்சனை வைத்தே கேட்கிறேன். 1983இல் வந்த 'பிளாக்ஆடர்' என்ற சரித்திர நகைச்சுவையின் முதல் தொடரில் நடித்ததோடு, ரிச்சர்ட் கர்டிசோடு சேர்ந்து எழுதியவர் அவரே. கோட்டை, குதிரை, வெளிப்புறப் படப்பிடிப்பு என்று காசைக் கொட்டினார்கள். நாயகன் முட்டாள், வேலைக்காரன் பால்ட்ரிக் கெட்டிக்காரன். தொடர் நொண்டியது. 1986இல் இரண்டாவது தொடர்: அட்கின்சன் பேனாவைக் கீழே வைத்தார், பென் எல்டன் உள்ளே வந்தார், ஸ்டுடியோவுக்குள் சிக்கனமாக எடுத்தார்கள், மூளை எஜமானுக்கு, அசட்டுத்தனம் பால்ட்ரிக்குக்கு என்று மாற்றினார்கள். தொடர் பிய்த்துக்கொண்டு போனது. முகம் அதேதான், நடுவர் அவர்களே! புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம், ஒன்றும் குடிமுழுகாது.

ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரில், 1989இல், பார் கவுன்டரின் பலகை தூக்கியிருப்பது தெரியாமல் நாயகன் டெல் சாய்ந்து விழுகிறாரே, உடம்பை மடக்காமல் மரம் மாதிரி விழுந்தது டேவிட் ஜேசனின் சாமர்த்தியம். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டோனி ஹான்காக் என்ற நகைச்சுவை நடிகருக்கு என்ன பதில்? 1961இல் ரத்ததானம் பற்றிய அந்தப் பகுதி. சோதனைக்கு எடுத்த ஒரு துளியோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார். ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்கு மேல் வேண்டும் என்கிறார் டாக்டர். 'அது கிட்டத்தட்ட ஒரு கை நிறைய ரத்தமாச்சே!' என்று அலறுகிறார். ஒளிப்பதிவுக்குச் சற்று முன்பு அவருக்குக் கார் விபத்து. வசனம் மனப்பாடமாகவில்லை, எதிரே எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தார். கண் வேறெங்கோ போவது திரையில் நன்றாகவே தெரியும். இருந்தும் அவருடைய பகுதிகளில் மிகவும் புகழ்பெற்றது அதுதான்.

அந்தப் பகுதியை எழுதிய கால்டனையும் சிம்ப்சனையும் ஹான்காக் அந்த ஆண்டே பிரிந்தார். பழைய உயரத்தை அவர் மறுபடி எட்டவில்லை. அந்த இருவரோ 1962இல், நகைச்சுவை நடிகர்களே வேண்டாம், நாடக நடிகர்கள் போதும் என்று ஹாரி எச். கார்பெட்டையும் வில்ஃப்ரிட் பிராம்பெல்லையும் பிடித்து, பழைய சாமான் வியாபாரம் செய்யும் அப்பன் மகன் கதை ஒன்றை எழுதினார்கள். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' இடையில் சில வருஷம் நின்றும் 1974 வரை வந்தது. நடிகர்கள் அத்தனை பேரையும் மாற்றி, 'சான்ஃபர்ட் அண்ட் சன்' என்று அமெரிக்காவிலும் ஓட்டினார்கள். இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும், அமர்கிறேன்.