பென் யூரிக் சாகத்தான் வேண்டுமா?

நடுவர் அவர்களே, சபைக்கு வணக்கம். இப்போது பேசிவிட்டு உட்கார்ந்த எதிரணி நண்பர் முகத்தில் இன்னும் கோபம் ஆறவில்லை. நியாயமான கோபம்தான், 2015இல் 'டேர்டெவில்' என்கிற சூப்பர்ஹீரோ தொடரின் முதல் சீசன் பார்த்தபோது நானும் அப்படித்தான் டிவியை அணைத்தேன். மொத்தம் 13 எபிசோடு. 12ஆவது முடியப்போகிற நேரத்தில், நியூயார்க்கில் வாழ்நாளெல்லாம் நிருபராக உழைத்த பென் யூரிக்கை அவர் வீட்டிலேயே வைத்துக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான் கதையின் வில்லன் வில்சன் ஃபிஸ்க். "கடைசி எபிசோடுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு நல்ல மனுஷனைப் பலி கொடுத்துவிட்டார்கள்" என்கிறார் நண்பர். கதை கேட்ட சாவு அது என்கிறோம் நாங்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். தொழிலுக்காக ஒருவனைத் தீர்க்க வேண்டுமென்றால் ஃபிஸ்கிடம் ஆட்களுக்கா பஞ்சம்? ஆனால் அவன் தன் கையாலேயே கொன்ற இடங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். 12 வயதில், அம்மாவைப் போட்டு அடித்த அப்பனைச் சுத்தியலால் அடித்தது, அதை 8ஆவது எபிசோடில் காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால் 4ஆவதில், காதலி வனெஸ்ஸாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து மானத்தை வாங்கிய ரஷ்ய ரவுடி அனடோலியைக் கார் கதவில் வைத்து (சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள், விவரம் வேண்டாம்). ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் காதலி. இந்த இரண்டு பேர் விஷயத்தில்தான் ஃபிஸ்க் தானே கை வைப்பான்.

சரி, பென் என்ன செய்தார்? ஃபிஸ்கின் அம்மாவைப் பார்க்கப் போனார். அதுவும் தெரிந்து போகவில்லை! நோயாளி மனைவி டோரிஸுக்கு ஒரு நல்ல இல்லம் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி அழைத்துப்போனவள் கேரன், ஹீரோவின் வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவள். அங்கே இருந்ததோ ஃபிஸ்க் ஊர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்த அவன் தாய். அந்த அம்மா ஃபிஸ்கின் வலது கையான வெஸ்லிக்குப் போன் செய்கிறார், வெஸ்லி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கேரனைத் தூக்குகிறான், மேசைமேல் வைத்த அவன் துப்பாக்கியாலேயே அவள் அவனைச் சுட்டுவிடுகிறாள். அப்புறம் ஃபிஸ்க் எங்கே வருவான்? பென் வீட்டு வாசலுக்குத்தான். 10, 11, 12 என்று கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கிறார்கள் நடுவர் அவர்களே, இதையா திடீர் அதிர்ச்சி என்கிறீர்கள்?

நண்பர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காமிக்ஸில் 1978இல் வந்த பாத்திரம், அங்கே பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. இங்கே ஒரு கறுப்பின நடிகருக்கு, வோண்டி கர்ட்டிஸ் ஹாலுக்கு, அதைக் கொடுத்துவிட்டு ஒரே சீசனில் முடித்துவிட்டார்கள். அந்தக் குறைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது யாரைச் சாகவைக்கத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற வழக்கு, இன்றைய தலைப்பு வேறு.

ஹீரோ எங்கே போனான் என்று கேட்டீர்கள். அதே எபிசோடில் மேட் மர்டாக், அதாவது முகமூடி போட்ட நம் பார்வையற்ற ஹீரோ, ஃபிஸ்கின் கூட்டாளி மேடம் காவோவின் ஹெராயின் கிடங்கில் சண்டை போடுகிறான். இதயத்துடிப்பைக் கேட்டே பொய்யைப் பிடிக்கிற காது அது, பென் வீட்டில் நடப்பது அதற்குக் கேட்கவில்லை. முகமூடி போட்டவன் எல்லா வீட்டுக்கும் நேரத்துக்கு வந்துவிட்டால் பார்க்கிற நமக்கு எதற்குப் பயம்?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். அந்தக் கடைசிக் காட்சி. வேலை போய்விட்டது, இனி நானே இணையத்தில் எழுதிக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்திருக்கிறார் மனிதர். இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஃபிஸ்க் கேட்கிறான், என் அம்மாவைப் பார்க்கப் போனபோது கூட யாராவது வந்தார்களா? தனியாகத்தான் போனேன் என்கிறார் பென். உண்மையை அச்சில் ஏற்றியே வயதான ஆள், கேரனுக்காக ஒரு பொய் சொல்கிறார், அது செல்லுபடியாகிவிடுகிறது. பென் பிழைத்திருந்தால் இந்தப் பொய்யை எந்தக் காட்சியில் வைப்பீர்கள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி.