தப்பாகச் சொன்ன வாய்க்கும் பழம்

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, ரோஸ்ஹில்லில் இந்த மண்டபம் கொள்ளாமல் வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம். பிள்ளைகளை உயர்த்துவது போட்டியா, பொறுமையா? நான் பொறுமையின் பக்கம்.

என் மகனுக்கு 6 வயதில் 'ழ' வரவில்லை. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து உள்ள நாடு நம் மொரீஷியஸ். ஆனால் வீட்டுப் பேச்சு கிரியோல்தானே? பள்ளித் தமிழ் விழாவுக்கு ஆள் எடுத்தபோது, "இவனுக்கு நாக்கு புரளாது" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தமிழ் வகுப்பில் பிள்ளை வாயே திறக்கவில்லை.

என் மாமியார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசல்படியில் உட்கார்ந்தார். ஒன்றைப் பிய்த்து, "இது என்ன ராசா?"

"வாயப்பயம்."

"கிட்டே வந்துட்டே!" பழம் அவன் கைக்குப் போய்விட்டது.

மறுநாள், "வாலப்பலம்." "இன்னும் கிட்டே வந்துட்டே!" மறுபடி பழம். ஒருநாள் "வாடப்படம்"கூட வந்தது. அதற்கும் பழம்! எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அத்தை, தப்பாகச் சொன்னதற்கும் கொடுத்தால் எப்படித் திருந்துவான்?" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "தப்பாச் சொல்ற வாய்க்கும் பசிக்கும்ல?" என்றார்.

அம்மாமார்களே, இதை இன்னொரு முறை சொல்கிறேன். தப்பாச் சொல்ற வாய்க்கும் பசிக்கும்ல?

7 மாதம். ஒருநாள் காலையில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "அம்மா, பழம் தீந்துபோச்சு." பழம்! கஞ்சி கையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை எனக்கு. அப்புறம் அவனை நிறுத்த முடியுமா? "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்" என்று நாள் முழுக்க அந்தக் கிழவனை வீடெங்கும் விழவைத்தான்.

எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "பாம்ப்லமூஸ் தாவரவியல் தோட்டத்துத் தாளிப்பனை பல வருஷம் பொறுமையாகக் காத்திருந்து பூக்கிறது, பூத்ததும் செத்துப்போகிறது. உங்கள் பிள்ளையும் அப்படித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டார். நானும் அந்தத் தாளிப்பனையை அண்ணாந்து பார்த்தவள்தான் தம்பி. 30 முதல் 80 வருஷம்வரை அது சும்மாவா நிற்கிறது? ஒவ்வோர் ஓலையும் சமைத்துக் கொடுப்பதை அடிமரத்தில் மாவாகச் சேர்த்துவைக்கிறது. அதனால்தான் தாவர உலகிலேயே பெரிய பூங்கொத்தை அதனால் தாங்க முடிகிறது. பூத்த கையோடும் அது சாவதில்லை. காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் நின்று, ஆயிரக்கணக்கில் விதை உதிர்த்த பிறகே போகிறது. அத்தனை கன்றுக்கு வழி வைத்துவிட்டுப் போவதைச் சாவு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

"பக்கத்துத் தென்னை 6 வருஷத்தில் காய்த்துவிட்டது, உனக்கென்ன கேடு?" என்று எந்தத் தோட்டக்காரராவது அதன் அடியில் நின்று கத்தியிருக்கிறாரா? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கொண்டுவந்து சோற்றுத் தட்டின்மேல் வைப்பது நாம்தான்.

பரீட்சை காத்திருக்காது என்றார் எதிரணித் தம்பி. சரி. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதுகிற சி.பி.இ. பரீட்சை போய் 2017இல் பி.எஸ்.ஏ.சி. வந்தது. பெயர் மாறியது, பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓடுகிற பிள்ளையின் வாடிய முகம் மாறியதா? இந்த நாடு முதன்முதலாக ஒலிம்பிக் போனது 1984இல். முதல் பதக்கம் 2008இல், பெய்ஜிங்கில், குத்துச்சண்டையில் புரூனோ ஜூலி வாங்கிய வெண்கலம். 24 வருஷம் பொறுத்த நாட்டுக்கு, 11 வயதுப் பிள்ளையிடம் பொறுமை இல்லையா?

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். ஐயா, ஒரே நிமிடம்.

என் மகனுக்கு இப்போது 14 வயது. போன வருஷம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, ஒரு வாழைப்பழத்தோடு கட்டிலோரம் உட்காருகிறான். "இது என்ன பாட்டி?" உதடு மட்டும் அசையும். கடைவாயைத் துடைத்துவிட்டு, பழத்தை மசித்து ஊட்டுவான். மாதக்கணக்கில் இப்படித்தான்.

நேற்றுச் சாயங்காலம், கேட்டு வெகுநேரம் கழித்து, மெல்ல வந்தது குரல்: "வா...யப்...பயம்."

என் பிள்ளை குனிந்து அவர் காதில் சொன்னான்: "கிட்டே வந்துட்டீங்க, பாட்டி!"