காது பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் எந்த இடம் முதலில் விறைக்கிறது என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் கைவிரல் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். நல்ல கையுறையாகத் தேடி வாங்கினேன், காலுக்கு இரட்டை உறை போட்டேன். காதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒருநாள் விடியற்காலை. பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி. மேட்டில் ஏறும்போது உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த குல்லாயை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். உச்சிக்கு வந்ததும் அதை மறுபடி மாட்டிக்கொள்ளச் சோம்பல். இனி இறக்கம்தானே, பத்து நிமிடத்தில் கீழே போய்விடலாம் என்று விட்டுவிட்டேன். முதலில் காதில் ஊசி குத்தியது. பிறகு எரிந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அப்பாடா, பழகிவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். கீழே வந்து கண்ணாடியில் பார்த்தால், வலது காதின் மேல் விளிம்பு மெழுகு போல வெளுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். யாருடைய காதையோ தொடுகிற மாதிரி இருந்தது. அரைமணி கழித்து அதற்கு உயிர் வந்தபோது வலித்த வலியில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஒரு வாரம் தோல் உரிந்தது.

காதுக்கு மட்டும் ஏன் இப்படி? மடலை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். நடுவில் குருத்தெலும்பு, இரு பக்கமும் மெல்லிய தோல், அவ்வளவுதான். கொழுப்பு என்று பார்த்தால் கீழே தொங்கும் சோணையில்தான் கொஞ்சம் இருக்கிறது. தசை இருந்தால் அசைத்துச் சூடேற்றலாம். அதற்கும் பெரிய வழியில்லை. குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாயே கிடையாது, மேலே மூடியிருக்கும் சவ்வை நம்பித்தான் அது பிழைக்கிறது. போதாக்குறைக்கு, அப்பளம் மாதிரி விரிந்து இரு பக்கமும் காற்றைப் பார்த்து நிற்கிறது. வெப்பம் ஓடிப்போக இதைவிட வசதியான உறுப்பு வேறு வேண்டுமா? குளிர்ப் பிரதேச விலங்குகளுக்குக் காது சிறிதாக இருப்பதை 1877இல் ஜோயல் ஆலன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். பனிப்பிரதேச நரியின் காது குட்டையாக, உருண்டையாக இருக்கும். பாலைவனத்து ஃபெனெக் நரிக்கோ முகத்தைவிடக் காதுதான் கண்ணில் படும்.

அடுத்தது காற்று. வாடை, ஊதை என்று குளிர்காற்றுக்கு நம் மொழியில் தனித்தனிப் பெயர் உண்டு. சைக்கிள்காரனுக்கு அந்த ஊதை வானத்திலிருந்து வரவேண்டியதில்லை. இலைகூட அசையாத காலையிலும், மணிக்கு 20 கிலோமீட்டரில் மிதித்தால், 20 கிலோமீட்டர் வேகக் காற்றை அவனே உண்டாக்கி அவனே வாங்கிக்கொள்கிறான். எதிர்க்காற்றும் 20 இருந்தால் காதுக்குக் கிடைப்பது 40.

நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். வீசுகிற காற்று அதைச் சுரண்டிக்கொண்டு போய்விடுகிறது. இதை அளந்து ஒரு கணக்காக வகுத்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர். 1940களின் தொடக்கத்தில் அன்டார்க்டிகாவில், ஒரு சிறு பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2001இல் அந்தக் கணக்கைத் திருத்தி, மனிதர் முகத்தை வைத்துப் புதிய சூத்திரம் கொண்டுவந்தன. அதன்படி பூஜ்யம் டிகிரியில் 20 கிலோமீட்டர் காற்று பட்டால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 5 போல. மைனஸ் 10இல் அதே வேகம் என்றால் மைனஸ் 18. காற்று 40 ஆனால் மைனஸ் 21. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காற்று எவ்வளவு வீசினாலும், காது சுற்றுப்புறத்தின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. அங்கே வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவே. ஆகவே பிளஸ் 3 டிகிரியில் காது உறைந்துபோகாது. வலிக்கும். ஈரக்குளிரில் மறுபடி மறுபடி காட்டினால் சிவந்து, வீங்கி, இரவெல்லாம் அரிக்கும் சில்பிளெய்ன் என்கிற தடிப்பு வேண்டுமானால் வரலாம். தலை வழியாகத்தான் உடம்பின் பாதி வெப்பம் போகிறது என்று சொல்வார்களே, அதையும் நம்பாதீர்கள். உடம்புப் பரப்பில் தலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. போகும் வெப்பமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

ஆக, எதிரி குளிர் என்பதைவிடக் காற்று. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் இரண்டு வருடம் தடிமன் தடிமனாகக் குல்லாய் வாங்கி வீணடித்தேன். அழகாகப் பின்னிய கம்பளிக் குல்லாய், நடந்துபோகச் சொர்க்கம். சைக்கிளில் ஏறினால் பின்னலின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் காற்று புகுந்து வெளியேறும். வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். துணியை உதட்டோடு வைத்து ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சுக்காற்று பட்டால், அது சைக்கிளுக்கு ஆகாது. காற்றுப் புகாத மெல்லிய துணி வெளியே, உள்ளே தோலோடு ஒட்டி மெரினோ ஆட்டுக் கம்பளியோ, ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணியோ இருந்தால், அரை சென்டிமீட்டர் தடிமனுக்குள் வேலை முடிந்துவிடும்.

மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதற்கு ஹெல்மெட்டும் ஒரு காரணம். உள்ளே தடித்த குல்லாய் போனால் ஹெல்மெட் மேலே எழும்பி, தலையில் வைத்த சட்டி மாதிரி ஆடும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் மட்டமாக உட்காரவேண்டியது பின்னால் சரிந்துவிடும். விழுந்தால் நெற்றிக்குக் காவல் இல்லை. அதனால் என் கட்சி, காதையும் நெற்றியையும் சுற்றி வரும் அகலப் பட்டைதான். ஹெட்பேண்ட் என்று கேட்டால் கிடைக்கும். ஹெல்மெட்டின் வார் காதுச் சோணைக்குக் கீழே ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலச் சேருமில்லையா, பட்டையின் அடி விளிம்பு அந்த முனைக்குள் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் வார் இழுத்து இழுத்து அரைமணியில் சோணை வெளியே வந்துவிடும். வாரிலேயே மாட்டிக்கொள்ளும் காதுறைகளும் உண்டு. தலை வேர்க்கிறது, காது மட்டும் குளிர்கிறது என்பவர்களுக்கு அது தோது. மைனஸ் 10க்குக் கீழே போனால் மங்கி குல்லாதான் சரி, மெல்லியதாக. மப்ளரைக் காதோடு கட்டிக்கொள்வதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். முனை அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு வினை.

இரண்டு பஞ்சுக் கிண்ணத்தைக் கம்பி வளைவில் கோத்த காதடைப்பான் இருக்கிறதே, அது பனிச்சறுக்கில் பிறந்த சாமான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் செஸ்டர் கிரீன்வுட் என்ற பையன் 1873இல், 15 வயதில், பாட்டியிடம் தைத்து வாங்கியது. காப்புரிமை பெற்றது 1877இல், ஆலன் தன் விதியை எழுதிய அதே வருடம்! உச்சந்தலையில் கம்பி போவதால் ஹெல்மெட்டோடு ஒத்துவராது. பிடரி வழியாகச் சுற்றிவரும் வகையைப் பாருங்கள்.

கதகதப்புக்காகக் கேட்கும் திறனை விற்றுவிடக் கூடாது. மடலின் மேடு பள்ளங்கள் சும்மா அழகுக்கு இல்லை. ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்று பிரித்துச் சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பஞ்சு மூட்டையால் அமுக்கினால், பின்னால் லாரி வருவது தெரியும், எவ்வளவு பக்கத்தில், எந்தப் பக்கமாக என்பது தெரியாது. அதற்காக வெறுங்காதாகப் போனால் நன்றாகக் கேட்குமா என்றால் அதுவும் இல்லை. வேகம் கூடக்கூடக் காற்று காதோரம் மோதிப் போடும் இரைச்சலில் மற்றதெல்லாம் மூழ்கிப்போகும். மெல்லிய பட்டை போட்டபிறகு எனக்கு வண்டிச் சத்தம் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. காதுத் துளைக்கு நேரே வலைத்துணி வைத்துத் தைத்ததும் கிடைக்கிறது, இன்னும் நல்லது. பட்டைக்குள் இயர்போன் செருகிப் பாட்டுக் கேட்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, கூட ஓட்டுவதும் இல்லை.

செவிக்கருவி அணிகிறவர்கள் இறுக்கமான பட்டையைத் தவிர்க்கவேண்டும். ஒலிவாங்கியை அமுக்கினால் கீச்சென்று விசில் அடிக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் பட்டையை முதலில் மாட்டி, கண்ணாடிக் காலை அதன்மேல் செருகுங்கள். உள்ளே செருகினால் அந்தச் சந்து வழியாகவே ஊதை நுழையும். தோடு, கடுக்கன், வளையம் எல்லாம் உலோகம். குளிரைச் சோணைக்குள் கடத்தும், நூலிழையிலும் மாட்டும். கழற்றிவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

மேட்டில் பட்டையைக் காதுக்கு மேலே சுருட்டிவிடுங்கள், இறக்கம் தொடங்குமுன் இழுத்துவிடுங்கள். வேர்வையில் நனைந்த துணி காய்ந்த துணியைவிடப் பலமடங்கு குளிரும். அதனால் பையில் உலர்ந்த பட்டை ஒன்று இருக்கட்டும். கைக்கு அடக்கமாக ஒரு கைக்குட்டை அளவுதான் வரும்.

இத்தனைக்குப் பிறகும் காது மரத்துப்போனால்? வலி நின்றது என்று மகிழாதீர்கள். வண்டியை நிறுத்தி, உள்ளங்கையைக் குவித்துக் காதின்மேல் வையுங்கள். கையுறை போட்ட கை வேண்டாம், வெறுங்கை. தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். உறைந்த திசு கிழியும். வீட்டுக்குள் வந்ததும் ஹீட்டரிடமோ நெருப்பிடமோ காதைக் காட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலான வெந்நீரில், 38 டிகிரி அளவில், துணி நனைத்து ஒற்றுங்கள். ஒற்ற ஒற்ற நிறமும் உணர்வும் திரும்பிவிட்டால் நல்லது. திரும்பாவிட்டால், அல்லது கொப்புளம் கிளம்பினால், அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். குருத்தெலும்பு கெட்டால் மடல் சுருங்கி உருமாறிப் போகக்கூடும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.